பழைய ஸ்பீக்கரின் முதுகில் உள்ள ‘ஓம்’ உண்மைதானா? ஒரு வரலாறும் ஓர் அளவீடும்

  

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களில் இருப்பவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், சவுண்ட் செட் வாடகைக்கு விடும் தம்பிமார், எல்லோரும் ஆறுதலாக வாசியுங்கள். என் பழைய மாணவர்களும் வாசிக்கலாம். சாதாரண தரத்துக்குப் படித்த ஓமின் விதி இங்கே வேலைக்கு வருகிறது.

எமது வலப்பனைப் பக்கத்தில் பொது இடங்களில் கேட்கும் ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் கைமாறி வந்தவைதான். ஒரு தோட்டத்துக் கோயிலில் புதிது வாங்கினால் பழையது கீழ்ப்பிரிவுக் கோயிலுக்குப் போகும். பள்ளியில் மாற்றினால் பழையது குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும். கொழும்பிலிருந்து பாவித்த அம்ப்ளிபயரும் நான்கு ஹோனும் ஒரே விலையில் லொறியில் வந்து இறங்கும். அதெல்லாம் நல்ல பழக்கம்தான். சந்தாப் பணம் மிச்சமாகிறது.

ஆனால் திருவிழா இரண்டாம் நாளிலேயே அம்ப்ளிபயர் புகைந்துவிட்டது, புதிதாகப் போட்ட ஹோன் ஒரே அறிவித்தலில் ஊமையாகிவிட்டது என்ற கதைகளும் எல்லா ஊரிலும் உண்டு. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “பின்னால 16 ஓம் என்றுதானே எழுதியிருந்தது!”

நான் இன்று சொல்ல வருவது அந்த எழுத்தைப் பற்றித்தான். ஸ்பீக்கரின் முதுகில் அச்சடித்திருக்கும் எண், அந்த ஸ்பீக்கரை அளந்து எழுதிய எண் அல்ல. அது ஒரு பெயர், தயாரிப்பவரும் பாவிப்பவரும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. ஒவ்வொரு காலத்திலும் அந்த உடன்பாடு வேறாக இருந்திருக்கிறது. எந்தக் காலத்துப் பொருள் எமது கையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணை நம்பினால், பொதுப்பணம் புகையாகப் போகும். எனவே முதலில் வரலாறு, பிறகு அளவீடு.

ஓம் என்பவர் ஒரு பாடசாலை ஆசிரியர்

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789 இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். தகப்பனார் பூட்டுத் திருத்துபவர். 1817 இல் கொலோன் நகரில் ஒரு பாடசாலையில் கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கச் சேர்ந்தார். அந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில்தான் அவருடைய பரிசோதனைகள் நடந்தன.

அந்தக் காலத்து மின்கலங்கள் நிலையில்லாதவை. பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மின்னோட்டம் இறங்கிவிடும். அதனால் ஓம் 1826 அளவில் வேறு வழியைப் பிடித்தார். செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறிய, ஆனால் ஆடாத மின்சாரம் கிடைக்கும். அதில் வெவ்வேறு நீளமான செம்புக் கம்பிகளை மாட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். 1827 இல் நூலாக வெளியிட்டார். இன்று நாம் ‘ஓமின் விதி’ என்று ஒரு வரியில் படிப்பது அதுதான்.

அவருடைய நாட்டில் அந்த நூலுக்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார். 1841 இல் லண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் கொடுத்தபிறகுதான் பெயர் வந்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி 1852 இல் கிடைத்தது. இரண்டு வருடத்தில் காலமானார். அவருடைய பெயரைத் தடையின் அலகாக 1881 இல் பாரிசில் நடந்த சர்வதேச மின்னியல் மாநாடு ஏற்றுக்கொண்டது.

ஓம் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். தெரியாத கம்பியைத் தெரிந்த கம்பியோடு ஒப்பிட்டார். அளப்பது என்பதே அதுதான். இந்தப் பதிவின் கடைசியில் நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

‘இம்பீடன்ஸ்’ என்ற சொல்லைத் தந்தவருக்குக் காது மந்தம்

ஓம் கண்டது ஒரே திசையில் ஓடும் நேரோட்டத்துக்கு. ஸ்பீக்கருக்குள் போவது ஆடலோட்டம். பேச்சும் பாட்டும் செக்கனுக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை என்று முன்னும் பின்னும் ஆடும் மின்னோட்டமாகத்தான் வயரில் போகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஒரு சுருள் காட்டும் எதிர்ப்பு, வெறும் கம்பியின் தடையைவிட வேறானது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் தந்தித் துறைக்காரர்கள். நீண்ட கேபிள்களில் செய்தி ஏன் குழம்புகிறது என்பது அவர்களுடைய அன்றாடத் தலைவலி. அவர்களில் ஒருவர் ஒலிவர் ஹெவிசைட். 1850 இல் லண்டனில் பிறந்தவர். பதினாறு வயதோடு பாடசாலை முடிந்தது. தந்தி இயக்குநராக வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தைத் தானே கற்றுக்கொண்டார். சிறுவயதில் வந்த காய்ச்சலால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அவர்தான் 1886 இல் ‘இம்பீடன்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். உலகத்து ஸ்பீக்கர்களின் முதுகில் எல்லாம் நிற்கும் அளவுக்குப் பெயர் வைத்தவர், நன்றாகக் கேட்க முடியாத ஒருவர். அல்லாஹ்வின் ஏற்பாடு அப்படி.

அந்தக் கருத்தை எளிதாகக் கணக்குப் போடும் முறையை 1893 இல் ஆர்தர் கெனலி வெளியிட்டார். அவர் பிறந்தது பம்பாயின் கொலாபாவில், 1861 இல். அவரும் சின்ன வயதில் தந்திக் கம்பனியில் சேர்ந்தவர்தான்.

எங்கள் நாட்டுக்கு வானொலி வந்த வழியும் இதுவே. 1921 இல் கொழும்பு தந்தித் திணைக்களத்துக்கு வந்த பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்து, மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். முறையான சேவை 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. பின்னாளில் அதுதான் ரேடியோ சிலோன் ஆனது.

ஒவ்வொரு காலமும் விட்டுப்போன எண்

இப்போது ஸ்பீக்கருக்கு வருவோம். அசையும் சுருளும் காந்தமும் கொண்டு மனிதக் குரலைப் பெரிதாக்கிக் கூட்டத்துக்குக் கேட்கச் செய்தவர்கள், அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும். 1915 கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் பொதுமக்கள் முன் காட்டினார்கள். 1919 இல் சான் டியாகோவில் ஜனாதிபதி வில்சன் அவர்களுடைய கருவியில் பேசியபோது சுமார் 50,000 பேர் கேட்டார்கள். இன்று எமது மினாராவிலும் கோபுரத்திலும் இருக்கும் ஹோனுக்கு மூத்தவர் அதுதான். வீட்டு ரேடியோவில் இருக்கும் கடதாசிக் கூம்பு ஸ்பீக்கரின் வடிவத்தை 1925 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பொறியியலாளர்கள் ரைஸும் கெலோக்கும் விளக்கிக் காட்டினார்கள்.

எண்கள் வந்த வரிசையைப் பாருங்கள்.

முதலில், 1920களின் ஹெட்போன்களும் அவற்றிலிருந்து வளர்ந்த மேசை ஹோன்களும். இவற்றின் சுருளில் மிக மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். 2000 ஓம், 4000 ஓம் என்பது அன்று சாதாரணம். வால்வுக்கு நேரே பொருந்த வேண்டும் என்பதால் அப்படி.

அடுத்தது, அசையும் சுருள் ஸ்பீக்கரோடு வந்த வால்வு ரேடியோக்கள். சுருளில் கம்பி கொஞ்சம்தான். சில ஓம் மட்டுமே. வால்வுக்கோ ஆயிரக்கணக்கான ஓம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்போமர் வைத்தார்கள். பிரிட்டிஷ் ரேடியோக்களில் 3 ஓம் வழக்கமானது. பெரிய ஸ்பீக்கர்களில் 15 ஓம். எமது மலைநாட்டுத் துரைமார் பங்களாக்களில் இருந்து ஏலத்துக்கு வந்த பழைய ரேடியோகிராம்களில் இந்த இலக்கங்களைப் பார்க்கலாம். பின்னாளில் அந்த 15 தான் 16 ஆக எழுதப்பட்டது. 16, 8, 4 என்று பாதி பாதியாகக் கணக்குப் போட வசதி.

மூன்றாவது, 1960களுக்குப் பிறகு வந்த டிரான்சிஸ்டர். அதற்கு வெளியீட்டு டிரான்ஸ்போமர் கட்டாயமில்லை. ஸ்பீக்கரை நேரே மாட்டலாம். 8 ஓமும் 4 ஓமும் வீட்டுக்கு வந்தன.

நான்காவது, வாகனம். 12 வோல்ட் பற்றரியிலிருந்து சாதாரணச் சுற்றொன்று ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 4.2 வோல்ட் ஆடலோட்டம்தான் கொடுக்க முடியும். வலு என்பது வோல்ற்றளவை அதனாலேயே பெருக்கி ஓமால் பிரிப்பது. 8 ஓம் என்றால் 2.2 வோட். 4 ஓம் என்றால் 4.4 வோட். அதனால்தான் வான், பஸ், முச்சக்கரவண்டி ஸ்பீக்கர்கள் 4 ஓமில் வருகின்றன. அந்த வான் ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வீட்டு அம்ப்ளிபயரில் மாட்டும்போது, அந்த அம்ப்ளிபயர் நினைத்ததைவிட இரண்டு மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டியதாகிறது.

ஐந்தாவது, எமது ஹோன்கள். 1940 இல் டில்லியில் தொடங்கிய அகுஜா போன்ற கம்பனிகளின் அம்ப்ளிபயர்களைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 4, 8, 16 ஓம் என்று மூன்று முனைகள். அதோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்று வேறு இரண்டு. ஹோன் யுனிட்டுகள் பெரும்பாலும் 16 ஓம். காரணம் எளிது. நான்கு ஹோனைச் சமாந்தரமாக மாட்டினால் 16 ஐ நான்கால் பிரித்து 4 ஓம்; அம்ப்ளிபயர் தாங்கும்.

ஆக, ஒரே கூரையின் கீழ் கிடக்கும் ஐந்து பழைய ஸ்பீக்கர்கள் ஐந்து காலத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். வால்வு அம்ப்ளிபயருக்கு ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டுவது ஆபத்து. டிரான்சிஸ்டருக்கு ஓம் மிகக் குறைவது ஆபத்து. பழைய ஆட்கள் சொல்லித்தந்த எச்சரிக்கை ஒன்று, இன்றைய கருவிக்கு வேண்டியது வேறொன்று.

லயத்துக்குப் போகும் வயர்

70 வோல்ட், 100 வோல்ட் முனைகள் ஏன் வந்தன? இது எமது நில அமைப்புக்கே உரிய கேள்வி. கோயில் மேலே, லயம் கீழே, இடையில் தேயிலை மலை. ஹோன் 200 மீற்றர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், 100 மீற்றருக்கு ஏறக்குறைய 1.7 ஓம் தடை காட்டும். போகவும் வரவும் 400 மீற்றர். கிட்டத்தட்ட 7 ஓம். அந்த முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், அம்ப்ளிபயர் கொடுக்கும் வலுவில் பாதிக்குக் கிட்ட வயரைச் சூடாக்குவதிலேயே போகும். மல்லியப்பூவுக்கும் காட்டுக்கும்தான் பாட்டு.

அதே ஹோனில் ஒரு சின்ன டிரான்ஸ்போமரைப் பொருத்தி 100 வோல்ட் லைனாக மாற்றினால்? 20 வோட் ஹோன் ஒன்றின் இம்பீடன்ஸ் 500 ஓம் ஆகிறது. (100 ஐ 100 ஆல் பெருக்கி 20 ஆல் பிரியுங்கள்.) 500 ஓமுக்கு முன் வயரின் 7 ஓம் ஒன்றுமே இல்லை. 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையத்திலிருந்து கொழும்புக்கு மின்சாரம் உயர் வோல்ற்றளவில் போவதும் இதே காரணத்தால்தான்.

இங்கேதான் பெரிய விபத்தும் இருக்கிறது. டிரான்ஸ்போமர் இல்லாத 16 ஓம் யுனிட்டைத் தெரியாமல் 100 வோல்ட் முனையில் மாட்டினால் கணக்கு: 10,000 ஐ 16 ஆல் பிரித்தால் 625 வோட். ஹோனோ 30 வோட் தாங்குவது. ஒரு ‘ஹலோ’ போதும், சுருள் கருகிவிடும். அம்ப்ளிபயரும் கூடவே போகலாம். மறுபுறம், டிரான்ஸ்போமர் உள்ள ஹோனை 8 ஓம் முனையில் மாட்டினால் ஒன்றும் எரியாது. சத்தம் மட்டும் எழும்பாது. “இந்த ஹோன் சரியில்லை” என்று நல்ல ஹோனைக் கழற்றி எறிபவர்களும் உண்டு.

உண்மையான இம்பீடன்ஸ் என்று ஒன்று உண்டா?

உண்டு, ஆனால் ஓர் எண் அல்ல. ஸ்பீக்கர் சுருளில் மூன்று எதிர்ப்புகள் சேர்ந்து நிற்கின்றன. கம்பியின் தடை முதலாவது. சுருள் என்பதால் வரும் தூண்டல் எதிர்ப்பு இரண்டாவது. சுருதி கூடக்கூட அதுவும் கூடும். மூன்றாவது, சுருள் காந்தத்துக்குள் அசையும்போது அதுவே ஒரு டைனமோ போல் எதிர் மின்சாரம் உண்டாக்குகிறது. ஸ்பீக்கர் தன் இயல்பான சுருதியில் அதிரும்போது இந்த மூன்றாவது எதிர்ப்பு உச்சத்துக்குப் போகும். ‘8 ஓம்’ என்று எழுதிய ஸ்பீக்கர் அந்த இடத்தில் 30, 40 ஓம் காட்டுவது சாதாரணம்.

அப்படியென்றால் 8 என்று ஏன் எழுதுகிறார்கள்? சர்வதேச நியமம் ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கர் வேலை செய்யும் சுருதி எல்லைக்குள், மிகக் குறைந்த இம்பீடன்ஸ், எழுதிய எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 16 என்று எழுதினால் 12.8 க்குக் கீழே போகாது. 8 என்றால் 6.4, 4 என்றால் 3.2. அம்ப்ளிபயருக்கு வேண்டியது அந்த உத்தரவாதம்தான். எழுதிய எண் ஒரு பெயர் என்று முதலில் சொன்னது இதனால்.

அந்த உத்தரவாதமும் ஸ்பீக்கர் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளுக்குத்தான். பிறகு சுருள் எரிகிறது. கடையில் புதிய டயபிரம் போடுகிறார்கள். 8 ஓம் டயபிரமும் விற்கிறது, 16 ஓம் டயபிரமும் விற்கிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. உள்ளே இருப்பது மாறிவிட்டது, முதுகில் உள்ள எழுத்து மாறவில்லை. நான்கு ஹோன்களில் ஒன்று மட்டும் இப்படி 8 ஆக மாறியிருந்தால் மொத்தம் 4 ஓம் அல்ல, 3.2 ஓம். கூட ஒரு ஹோன் மாட்டியதும் இன்னும் இறங்கும். அம்ப்ளிபயர் புகைவதற்கு இது போதும்.

அளந்து பார்ப்பது எப்படி?

எல்லாவற்றுக்கும் முன், ஸ்பீக்கரை அம்ப்ளிபயரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். 100 வோல்ட் லைனில் கை வைத்தால் ஷொக் அடிக்கும். அம்ப்ளிபயர் அணைந்திருக்க வேண்டும்.

முதல் வழி, சாதாரண மீற்றர். ஓம் அளவில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள்; 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் தடை. பிறகு ஸ்பீக்கரில் வைத்து, வந்த எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். கிடைப்பது சுருளின் நேரோட்டத் தடை. அது எழுதப்படும் எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும். பெரும்பாலும் அதன் 75 முதல் 85 சதவீதம். 3 முதல் 3.5 வரை வந்தால் 4 ஓம் ஸ்பீக்கர். 5.5 முதல் 7 வரை வந்தால் 8 ஓம். 11 முதல் 13.5 வரை வந்தால் 16 ஓம், அல்லது அந்தக் காலத்து 15. ‘8 ஓம் என்று எழுதியிருக்கு, மீற்றர் 6 காட்டுது, இது பழுது’ என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அது நல்ல ஸ்பீக்கர்.

மீற்றர் ஏமாற்றும் இடங்களும் உண்டு. டிரான்ஸ்போமர் உள்ள ஹோனில் மீற்றர் அளப்பது டிரான்ஸ்போமர் கம்பியின் தடையை மட்டும். உண்மையில் 500 ஓம் உள்ள இடத்தில் அது சில பத்து ஓம் காட்டலாம். முதுகைத் திறந்து டிரான்ஸ்போமர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டாவது, டுவீட்டரோடு தொடராகக் கொண்டென்சர் இருந்தால் மீற்றர் ஒன்றுமே காட்டாது. அதனால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்றாவது, பெட்டிக்குள் இரண்டு மூன்று ஸ்பீக்கர் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியே கழற்றி அளக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஓம் காட்டிய வழி: ஒப்பிடுவது. 10 ஓம், 5 வோட் தடையி ஒன்று வாங்குங்கள். அதை ஸ்பீக்கரோடு தொடராக மாட்டி, ஒரு சின்ன அம்ப்ளிபயரில் கொடுங்கள். போனில் டோன் உண்டாக்கும் செயலி ஒன்றை இறக்கி, கூம்பு ஸ்பீக்கருக்கு 400 ஹேர்ட்ஸ், ஹோனுக்கு 1000 ஹேர்ட்ஸ் வையுங்கள். சத்தத்தை மெதுவாக வையுங்கள். ஹோனுக்குக் குறைந்த சுருதியைக் கொடுக்கவே வேண்டாம், டயபிரம் கிழியும்.

இப்போது மீற்றரை ஆடலோட்ட வோல்ட்டில் வைத்து, தடையியின் இரு முனையிலும் அளவு எடுங்கள். பிறகு ஸ்பீக்கரின் இரு முனையிலும் எடுங்கள். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே ஸ்பீக்கரின் வோல்ட்டைத் தடையியின் வோல்ட்டால் பிரித்து, 10 ஆல் பெருக்கினால் அந்தச் சுருதியில் உள்ள இம்பீடன்ஸ். உதாரணம்: தடையியில் 0.50, ஸ்பீக்கரில் 0.36 என்றால், 7.2 ஓம். அது 8 ஓம் வகை. மீற்றர் அந்தச் சுருதியில் கொஞ்சம் பிழையாகக் காட்டினாலும் பரவாயில்லை. இரண்டு அளவிலும் ஒரே விகிதத்தில் பிழைப்பதால் பிரிக்கும்போது அது அடிபட்டுப் போகும். மலிவான மீற்றர்களில் ஆடலோட்டத்துக்கு 200 வோல்ட் அளவு மட்டுமே இருக்கும். அதில் இவ்வளவு சிறிய வோல்ட் தெரியாது. 2 வோல்ட் அளவு உள்ள மீற்றர் வேண்டும். ஊரில் ஒருவரிடம் இருந்தால் போதும்.

டிரான்ஸ்போமர் உள்ள ஹோனையும் இதே முறையில் அளக்கலாம். 10 ஓமுக்குப் பதில் 1000 ஓம் தடையி போடுங்கள். 1000 ஓம் வந்தால் 100 வோல்ட் லைனில் அது 10 வோட் ஹோன். 500 வந்தால் 20 வோட். அந்த லைனில் உள்ள எல்லா ஹோன்களின் வோட்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அம்ப்ளிபயரின் வோட்டுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை?

பாட்டுக்காக மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கங்களில் நடந்த மண்சரிவுகளை இங்கே மறந்தவர் யாருமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. அப்படியொரு இரவில் ஒரு மலையின் மேலிருந்து கீழே உள்ள லயத்துக்கு “எழும்பி வாங்க” என்று சொல்லக்கூடியது எது? பற்றரியில் ஓடும் ஓர் அம்ப்ளிபயரும் கோயில் கோபுரத்திலோ பள்ளி மினாராவிலோ விகாரையிலோ இருக்கும் ஹோனும்தான். வருடம் முழுக்க மையித்து அறிவித்தலுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் பாவிக்கும் அதே கருவிதான் அன்று உயிர் காக்கும் கருவி. அந்த இரவில் அது வேலை செய்யுமா என்பது, அதற்கு முந்திய ஒரு வெயில் நாளில் யாராவது மீற்றர் வைத்துப் பார்த்தார்களா என்பதில் இருக்கிறது.

எனவே நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒரு தடவை அளவுங்கள். அளந்த எண்ணையும் திகதியையும் அதன் முதுகில் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். டிரான்ஸ்போமர் உள்ளதா இல்லையா என்றும் எழுதுங்கள். அச்சடித்த பழைய எண்ணை ஒரு கோடு போட்டு வெட்டிவிடுங்கள். யுனிட் மாற்றினால் திரும்ப அளந்து எழுதுங்கள். கைமாற்றிக் கொடுக்கும்போது அந்த விபரத்தோடு கொடுங்கள். வாங்குபவருக்குச் செய்யும் அமானிதம் அது.

பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்முறைப் பாடமும்கூட. அடுத்த பாடசாலை விடுமுறையில் நான்கைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி, கோயில், விகாரை, தேவாலயம் என்று போய் அளந்து எழுதிக் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். இராகலை, உடப்புசல்லாவ, நில்தண்டாஹின்ன பக்கத்து ஆசிரியர்களும் சேரலாம். விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள். உங்களிடம் உள்ள பழைய ஸ்பீக்கரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது, மீற்றர் என்ன காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். எந்தக் காலத்துப் பொருள் என்று சேர்ந்து பார்ப்போம்.